குரங்குக் காய்ச்சல் வைரஸும் நம் செல்லின் புரதங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்குத் தொடர்ச்சி மலையோரத்துச் சிற்றூர்களில் பனிக்காலம் தொடங்கிக் கோடை மழை வரும் வரை குரங்குக் காய்ச்சல் செய்திகள் அவ்வப்போது வந்துகொண்டே இருக்கின்றன. உண்ணி கடிப்பது பற்றியும் காய்ச்சலின் அறிகுறிகள் பற்றியும் அச்செய்திகளில் விளக்கம் கிடைத்துவிடுகிறது. கடித்த நேரத்துக்கும் காய்ச்சல் தொடங்கும் நேரத்துக்கும் இடைப்பட்ட சில நாட்களில் நம் செல்களுக்குள் நடப்பதைத்தான் தமிழில் விரிவாகப் படிக்க முடிவதில்லை. நோயைப் புரிந்துகொள்ளவும், அதற்கு இன்னும் நேரடி மருந்து இல்லாத காரணத்தை அறியவும் அந்த இடைவெளியில்தான் விடை இருக்கிறது என்பதால், மாணவர்களும் மலையோர மக்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

குரங்குக் காய்ச்சலும் குரங்கம்மையும் ஒன்றா?

இல்லை, இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. குரங்கம்மை, பெரியம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு டி.என்.ஏ வைரஸால் வருவது. இங்கே பேசப்படுவது க்யாசனூர் காட்டுக் காய்ச்சல். 1957-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் க்யாசனூர் காட்டை ஒட்டிய பகுதிகளில் குரங்குகள் செத்து விழுந்ததையும், அதே காலத்தில் ஊர்மக்களுக்குக் கடுங்காய்ச்சல் கண்டதையும் தொடர்ந்து, புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தினர் இந்த வைரஸைக் கண்டறிந்தனர். கன்னடத்தில் இதை 'மங்கன காயிலெ', அதாவது குரங்கு நோய் என்றே சொல்கிறார்கள். இதைப் பரப்பும் முதன்மையான உண்ணியின் பெயர் ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா. மனிதரைப் பெரும்பாலும் கடிப்பது இதன் இளம் பருவம். எள்ளளவே இருக்கும் என்பதால் கணுக்காலில் ஏறி ஒட்டிக்கொண்டாலும் பலருக்குத் தெரிவதில்லை. 2012-13-ல் பந்திப்பூர் புலிகள் காப்பகப் பகுதியில் நோய் கண்டபோது, நீலகிரி மாவட்டத்தில் இறந்த குரங்குகளிடமும் இந்த வைரஸ் இருப்பது உறுதியானது. ஆகவே தமிழ்நாட்டுக்கும் இது அயலூர்ச் சங்கதி அன்று.

இந்த வைரஸ் டெங்கு வைரஸின் பேரினத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் பரவும் உண்ணிவழி மூளைக்காய்ச்சல் வைரஸ், வட அமெரிக்காவின் பவாசன் வைரஸ், சவூதி அரேபியாவின் அல்குர்மா வைரஸ், மலேசியாவில் உண்ணிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட லங்காட் வைரஸ் ஆகியவை இதன் நெருங்கிய உறவினர்கள்.

அப்படியானால் கீழே சொல்லப்படுபவை எல்லாம் க்யாசனூர் வைரஸிலேயே கண்டறியப்பட்டவையா?

இதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. க்யாசனூர் வைரஸைக் கையாள உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். அத்தகைய ஆய்வகங்கள் உலகில் குறைவு. அதனால் செல்லளவிலான ஆய்வுகளில் பெரும்பகுதி உண்ணிவழி மூளைக்காய்ச்சல் வைரஸையும், மனிதருக்குப் பெரிய தீங்கு செய்யாத லங்காட் வைரஸையும் வைத்தே நடந்துள்ளது. மரபுத்தொகுதியின் அமைப்பும் புரதங்களும் இவை அனைத்துக்கும் பொதுவானவை என்பதால் ஒன்றில் கண்டது மற்றவற்றுக்கும் பெரிதும் பொருந்துகிறது. எது எந்த வைரஸில் கண்டறியப்பட்டது என்பதை அந்தந்த இடத்தில் குறிப்பிட்டிருக்கிறோம்.

வைரஸ் ஏன் நம் புரதங்களை நம்பியிருக்க வேண்டும்?

அதன் கையிருப்பு அவ்வளவு சிறியது. இந்த வைரஸின் மரபுத்தொகுதி சுமார் 11,000 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ இழை, அதிலிருந்து கிடைப்பவை பத்தே புரதங்கள். அவற்றுள் மூன்று வைரஸ் துகளைக் கட்டுவதற்கு ஆனவை, ஏழு செல்லுக்குள் வேலை செய்வதற்கு ஆனவை. நம் செல்லிலோ புரதங்களுக்கான மரபணுக்கள் மட்டுமே ஏறத்தாழ 20,000 உள்ளன. புரதம் கட்டும் ரைபோசோம், ஆற்றல் தரும் மூலக்கூறுகள், சவ்வு செய்வதற்கான கொழுப்பு ஆகிய எதுவும் வைரஸிடம் இல்லை. இவற்றையெல்லாம் செல்லிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது என்பது பாடப்புத்தகத்திலேயே உண்டு. பாடப்புத்தகம் சொல்லாமல் விடுவது, அந்த எடுத்துக்கொள்ளல் எவ்வளவு குறிப்பானது என்பதைத்தான். இன்ன வேலைக்கு இன்ன புரதம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறிப்பிட்ட செல் புரதத்தோடு வைரஸ் ஒட்டிக்கொள்கிறது, அந்தப் புரதம் இல்லாத செல்லில் அந்தக் கட்டத்திலேயே தடுமாறி நிற்கிறது.

உண்ணி கடித்தவுடன் வைரஸ் முதலில் எங்கே போகிறது?

உண்ணி என்ற சொல்லே உண்பது என்னும் பொருளைத் தருகிறது; கொசுவைப் போல நொடியில் குடித்துப் பறப்பதல்ல, நாட்கணக்கில் தோலில் பதிந்திருந்து உண்பது. அவ்வளவு நாளும் உடல் தன்னை உதறிவிடாதிருக்க, இரத்தம் உறைவதையும் வலியையும் அழற்சியையும் அடக்கும் பொருள்களை அது உமிழ்நீரில் கலந்து செலுத்துகிறது. வைரஸும் அதே உமிழ்நீரில்தான் வருகிறது. நோய் எதிர்ப்பு மந்தமாக்கப்பட்ட தோல்பகுதி அதற்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்த நிலம் போல அமைந்துவிடுகிறது. அங்கே காவலிருக்கும் எதிர்ப்புச் செல்களே அதன் முதல் இருப்பிடமாகி, அவை நிணநீர்க் கணுக்களுக்குப் போகும்போது வைரஸையும் சுமந்து செல்கின்றன. பவாசன் வைரஸ், உண்ணி கடித்த 15 நிமிடத்திலேயே எலிக்குப் பரவுவது சோதனையில் காட்டப்பட்டுள்ளது. ஆகவே உண்ணியைக் கண்டவுடன் எடுத்துவிடுவதோடு, அது ஏறாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

செல்லின் கதவை எப்படித் திறக்கிறது?

செல்லின் வெளிப்பரப்பில் ஹெப்பரான் சல்பேட் என்னும் சர்க்கரைச் சங்கிலிகள் புல்போல அடர்ந்திருக்கின்றன. வைரஸ் முதலில் அவற்றில் இலேசாகத் தொற்றிக்கொள்கிறது. இது கதவைத் தட்டுவது மட்டுமே. உள்ளே விடும் ஏற்பி, அதாவது வைரஸ் பற்றிக்கொள்ளும் செல்பரப்புப் புரதம், எது என்பது நெடுங்காலம் தெளிவாகாமல் இருந்தது. எல்.ஆர்.பி.8 என்னும் ஏற்பி உண்ணிவழி மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு வழிவிடுவதை அண்மைய ஆய்வுகள் காட்டின. இது கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல்லை இரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுக்கும் ஏற்பியின் உறவுப் புரதம். மூளையின் நரம்புச் செல்களில் மிகுதியாக இருப்பது. இந்த வைரஸ் மூளையைத் தேடிப்போவதற்கு இது ஒரு பொருத்தமான விளக்கம்.

ஏற்பியில் ஒட்டியதும் செல், தன் வழக்கப்படி, சவ்வை உள்ளே குழித்து ஒரு பையாக்கி விழுங்குகிறது. அந்தப் பையின் உட்புறத்தைச் செல்லின் பம்புகள் அமிலமாக்குகின்றன. விழுங்கியதைச் செரிப்பதற்கான ஏற்பாடு அது. வைரஸின் உறைப்புரதம் காத்திருப்பதும் அந்த அமிலத்துக்காகத்தான். அமிலம் பட்டதும், இரண்டிரண்டாகப் படுத்திருந்த உறைப்புரதங்கள் பிரிந்து, மூன்று மூன்றாகச் சேர்ந்து எழுந்து நின்று, பையின் சவ்வில் நுனியைச் செருகி, வைரஸின் சவ்வையும் பையின் சவ்வையும் ஒன்றாக்கிவிடுகின்றன. அந்த வழியாக ஆர்.என்.ஏ செல்லின் உட்கூழத்தில் இறங்குகிறது. செரிக்க நினைத்த செயலே உள்ளே விடும் செயலாகிறது.

உள்ளே இறங்கிய ஆர்.என்.ஏ முதலில் என்ன செய்கிறது?

நேராக ரைபோசோமுக்குப் போகிறது. மரபணுவின் செய்தியை ரைபோசோமுக்குக் கொண்டுவரும் செல்லின் சொந்தத் தூது ஆர்.என்.ஏ போலவே அதன் முன்முனையிலும் தொப்பி எனப்படும் ஒரு வேதிப்பகுதி இருப்பதால் ரைபோசோமுக்கு வேறுபாடு தெரிவதில்லை. பத்துப் புரதங்களும் தனித்தனியாக உருவாவதில்லை. 3,400 அமினோ அமிலங்களுக்கு மேல் நீளும் ஒரே சங்கிலியாக, செல்லுக்குள் புரதங்கள் உருவாகும் சவ்வுத் தொகுதியான எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வை உள்ளும் புறமுமாகத் தையல் போட்டதுபோல் ஊடுருவியபடி உருவாகின்றன. அச்சங்கிலியைச் சரியான இடங்களில் வெட்டினால்தான் பயன். சவ்வுக்கு வெளிப்புறம் இருக்கும் இணைப்புகளை வைரஸின் சொந்த நொதி வெட்டுகிறது. உட்புறம் இருப்பவற்றை அதனால் எட்ட முடியாது. அந்த வேலையை, வலைப்பின்னலுக்குள் நுழையும் நம் புரதங்களின் முகப்புத் துண்டை நீக்குவதற்கென்று செல் வைத்திருக்கும் வெட்டு நொதியிடம் விட்டுவிடுகிறது. நம் புரதங்களின் முகப்பில் இருக்கும் அதே அடையாளத்தைத் தன் சங்கிலியின் நடுவிலும் வைத்திருப்பதால், நொதி அதையும் தன் கடமையென எண்ணி வெட்டிக் கொடுக்கிறது.

சவ்வைப் பலமுறை கடக்கும் புரதங்களை நிலைநிறுத்த உதவும் ஒரு கூட்டுப்புரதமும் செல்லில் உண்டு; அதை ஆய்வாளர்கள் இ.எம்.சி என்பார்கள். டெங்கு, ஜிகா வைரஸ்களில் அது இல்லாவிட்டால் சவ்வுப் புரதங்கள் நிலைகொள்ளாமல் சிதைந்துபோவது காட்டப்பட்டுள்ளது.

வைரஸ் பெருகும் இடம் எப்படி இருக்கும்?

தொற்றிய செல்லின் மெல்லிய சீவலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வு உள்நோக்கிக் குமிழ்களாகப் புடைத்திருப்பது தெரியும். உண்ணிவழி மூளைக்காய்ச்சல் வைரஸில் ஒவ்வொரு குமிழும் சுமார் 80 நானோமீட்டர் விட்டம் கொண்டது. ஒரு மில்லிமீட்டரில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் அடுக்கலாம். பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாணமாகக் கூட்டிப் பார்க்கும்போது, சில குமிழ்களுக்குக் குடத்தின் கழுத்துப் போன்ற ஒரு குறுகிய வாய் இருப்பதும், அது உட்கூழத்தை நோக்கித் திறந்திருப்பதும் புலப்படுகிறது. குடத்துக்குள்ளே வைரஸின் நகலெடுக்கும் நொதி ஆர்.என்.ஏவைப் பெருக்குகிறது, மூலப்பொருள் கழுத்து வழியே உள்ளே வருகிறது, புதிய இழை அதே வழியே வெளியே போகிறது.

சவ்வை இப்படி வளைக்க வைரஸின் புரதங்கள் மட்டும் போதா. செல்லில் கொழுப்பு மூலக்கூறுகளைச் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரட்டிவிடும் டி.எம்.இ.எம்.41பி என்னும் புரதம் வேண்டும். தன் பழைய உறுப்புகளைத் தானே உண்டு புதுப்பிக்கும் வேலைக்காகச் செல் வைத்திருப்பது அது. 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, அது நீக்கப்பட்ட செல்களில் கொசுவழி, உண்ணிவழி என்ற வேறுபாடின்றி இப்பேரினத்து வைரஸ்கள் பெருகத் தவிப்பதைக் காட்டியது. கிழக்காசிய மக்களிடம் ஓரளவு பரவலாகக் காணப்படும் அந்த மரபணுவின் ஒரு மாற்றுவடிவம் தொற்றைக் குறைப்பதும் அதே ஆய்வில் செல்களில் கண்டறியப்பட்டது. ஒரே உண்ணிக்கடி எல்லோரையும் ஒரே அளவில் வருத்துவதில்லை என்பதற்கு வைரஸிடம் மட்டுமே காரணம் தேடக்கூடாது என்று நான் உறுதியாக நம்புவதற்கு இத்தகைய கண்டுபிடிப்புகளே அடிப்படை.

செல் இதைக் கண்டுகொள்ளாமலா இருக்கிறது?

கண்டுகொள்ளும் ஏற்பாடு வலுவானது. வைரஸ் நகலெடுக்கும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ உருவாகிறது, நம் செல்லில் நீளமான இரட்டை இழை வழக்கத்தில் இல்லை என்பதால், அதைக் காணும் உணர் புரதங்கள் உடனே, செல்களை எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தைச் சுரக்கச் செய்யும். இங்கே குமிழ்களின் இன்னொரு பயன் வெளிப்படுகிறது. இரட்டை இழை குடத்துக்குள்ளேயே இருப்பதால் உணர் புரதங்களின் பார்வைக்குத் தப்புகிறது. எச்சரிக்கை முற்றிலும் நின்றுபோவதில்லை, தாமதமாகிறது. அந்தத் தாமதத்துக்குள் முதல் தலைமுறை வைரஸ் துகள்கள் வெளியேறிவிடுகின்றன.

இன்டர்ஃபெரான் சுரந்துவிட்டாலும், அதைக் கேட்கும் காது வேண்டும் அல்லவா? வைரஸின் என்.எஸ்.5 என்னும் புரதம் அந்தக் காதை அடைக்கிறது. ஆர்.என்.ஏவை நகலெடுப்பதுதான் என்.எஸ்.5-ன் முதல் தொழில். ஆனால் அது செல்லின் புரோலிடேஸ் என்ற நொதியையும் பற்றிக்கொள்வதை 2015-ல் வெளியான ஆய்வு லங்காட், உண்ணிவழி மூளைக்காய்ச்சல் வைரஸ்களில் காட்டியது. புரோலிடேஸ், உடலின் கொலாஜன் புரதச் சிதைவில் பங்குபெறும் நொதி. இன்டர்ஃபெரானை ஏற்கும் ஏற்பி முதிர்ந்து செல்லின் மேற்பரப்புக்கு வருவதற்கும் அது தேவை என்பது இந்த வைரஸைத் துருவியபோதுதான் வெளிப்பட்டது. பிறவியிலேயே புரோலிடேஸ் குறைபாடு உள்ளவர்களின் தோல்செல்களிலும் அந்த ஏற்பி குறைந்திருந்தது. ஒரு வைரஸைப் பின்தொடர்ந்து போனவர்கள் நம் உடலைப் பற்றிய புதிய செய்தியோடு திரும்பிய இந்த நிகழ்வு என்னை இன்றும் நெகிழச் செய்கிறது.

செல்லின் தரப்பிலும் ஆயுதங்கள் உண்டு. வைப்பரின் என்ற புரதம் உண்ணிவழி மூளைக்காய்ச்சல் வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கிறது. குரங்குகளில் எச்.ஐ.வியைத் தடுப்பதாக 2004-ல் அறியப்பட்ட டிரிம்5 ஆல்ஃபா, வைரஸின் வெட்டு நொதியைப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பி, க்யாசனூர் வைரஸையும் அதன் உறவினர்களையும் கட்டுப்படுத்துவது 2019-ல் காட்டப்பட்டது. பவாசன் வைரஸ் மட்டும் அதற்குத் தப்பிவிடுகிறது.

செல் தன் பழைய ஆர்.என்.ஏக்களை அழித்துவிடுமே, வைரஸின் ஆர்.என்.ஏ எப்படித் தப்புகிறது?

தப்புவதோடு நிற்காமல் அழிக்கும் நொதியையே தனக்குக் கருவியாக்கிக்கொள்கிறது. எக்ஸ்.ஆர்.என்.1 என்னும் நொதி, தொப்பி இழந்த ஆர்.என்.ஏவை முன்முனையிலிருந்து எழுத்தெழுத்தாகக் கரும்பைக் கடித்து வருவதுபோல் தின்றுகொண்டே வரும். வைரஸ் ஆர்.என்.ஏவின் கடைசிப் பகுதியோ வளையங்களும் முடிச்சுகளுமாக மடிந்திருக்கிறது. கணுவில் பல் நிற்பதுபோல நொதி அங்கே நின்றுவிடுகிறது. எஞ்சும் துண்டு செல்லில் குவிகிறது. அத்துண்டு செல்லின் எதிர்ப்பு வேலைகளைக் குழப்பி வைரஸுக்குத் துணையாகிறது.

புதிய துகள்கள் எப்படி வெளியேறுகின்றன?

வலைப்பின்னலுக்குள் உருவாகும் துகள் முதிராதது. அதன் உறைப்புரதத்தின் முனையை இன்னொரு புரதம் மூடியிருக்கும். வெளியேறும் வழியில் உள்ள கோல்கை உறுப்பு (புரதங்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் செல்லின் பகுதி) சற்றே அமிலமானது என்பதால், அந்த மூடி இல்லாவிட்டால் அங்கேயே சவ்வோடு இணைந்து துகள் வீணாகிவிடும். கோல்கையின் கடைப்பகுதியில் நம் செல்லின் ஃபியூரின் நொதி மூடியை வெட்டுகிறது. வெட்டிய துண்டும் செல்லுக்கு வெளியே வரும் வரை ஒட்டியே இருந்து பிறகுதான் உதிர்கிறது. உண்ணிவழி மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு ஃபியூரின் இன்றியமையாதது என்பது 1997-லேயே நிறுவப்பட்டது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நரம்புச் செல் தன் தூது ஆர்.என்.ஏக்களில் சிலவற்றைப் பொட்டலங்களாகக் கட்டி, டென்ட்ரைட்டுகள் எனப்படும் கிளை இழைகளின் நுனிவரை அனுப்பி, அங்கேயே புரதம் செய்துகொள்ளும். நினைவும் கற்றலும் இந்த ஏற்பாட்டைச் சார்ந்தவை. உண்ணிவழி மூளைக்காய்ச்சல் வைரஸின் ஆர்.என்.ஏ, தன் முன்முனையில் உள்ள ஒரு பகுதியின் உதவியால் இப்பொட்டலங்களில் ஏறிக் கிளை நுனிக்குப் பயணம் செய்து அங்கேயே பெருகுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017-ல் காட்டினர். அந்தப் பயணத்தைத் தடுக்கும் மாற்றம் செய்யப்பட்ட வைரஸ் தொற்றிய எலிகளில் நரம்பியல் அறிகுறிகள் குறைந்தன. க்யாசனூர் காய்ச்சலிலும், முதல் காய்ச்சல் தணிந்து ஓரிரு வாரங்களில் சிலருக்குக் கடுந்தலைவலி, நடுக்கம், குழப்பம் என்று இரண்டாம் கட்டம் வருவது உண்டு. அதனால் காய்ச்சல் இறங்கியதும் கவனிப்பை நிறுத்திவிட வேண்டாம்.

இதே வைரஸ் உண்ணிக்கு நோய் தருவதில்லையா?

தொற்றிய உண்ணி வாழ்நாள் முழுதும் வைரஸைச் சுமக்கிறது. புழுப்பருவத்தில் பெற்றதைத் தோலுரித்த பின்னும் வைத்திருக்கிறது. மனிதச் செல் தொற்றால் சிதைகிறது, உண்ணியின் செல் சிதையாமல் தொடர்கிறது. உண்ணிக்கு இன்டர்ஃபெரான் கிடையாது, அயல் ஆர்.என்.ஏவைச் சிறு துண்டுகளாக்கி அடையாளம் கண்டு அழிக்கும் முறையே அதன் காப்பு. மேலே சொன்ன எக்ஸ்.ஆர்.என்.1 மிச்சம் வைக்கும் துண்டு அந்தக் காப்பையும் மட்டுப்படுத்துகிறது. உறைப்புரதத்தில் ஏற்றப்படும் சர்க்கரையும் கருதத்தக்கது: அது இல்லாவிட்டால் பாலூட்டிச் செல்லிலிருந்து வைரஸ் வெளியேறுவது குறைகிறது, உண்ணிச் செல்லில் எந்தக் குறையும் தெரிவதில்லை.

உண்ணிவழி வைரஸ்கள் எல்லாம் இதே முறையைத்தான் கையாளுகின்றனவா?

இல்லை. கிரிமிய-காங்கோ இரத்தப்போக்குக் காய்ச்சல் வைரஸ் ஹையலோமா உண்ணிகளால் பரவுவது. இந்தியாவில் 2011 சனவரியில் குஜராத்தில் முதலில் கண்டறியப்பட்டது. அது வேறொரு குடும்பம். தொப்பியைத் தானே செய்துகொள்ளும் நொதி அதனிடம் இல்லாததால், நம் தூது ஆர்.என்.ஏக்களின் தலையைச் சில எழுத்துகளோடு சேர்த்து வெட்டி எடுத்துத் தன் ஆர்.என்.ஏவின் தலையில் வைத்துக்கொள்கிறது. எல்.டி.எல் ஏற்பியே அதற்கு வாசல் என்று 2024-ல் வெளியான ஆய்வுகள் கூறின. உறவே இல்லாத இரண்டு வைரஸ்கள் ஒரே ஏற்பிக் குடும்பத்தின் வழியாக நுழைவது கவனிக்கத்தக்கது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் மருந்து இல்லை?

வைரஸ் பயன்படுத்தும் புரதங்கள் நமக்கும் தேவையானவை என்பதே முதல் தடை. ஃபியூரினை முழுதாக முடக்கினால் வைரஸ் முதிராது. பல ஹார்மோன்களும் வளர்ச்சிக் காரணிகளும்கூட முதிராது. செல்லின் வெட்டு நொதி, ரைபோசோம் ஆகியவற்றுக்கும் இதுவே நிலை. எனவே சில நாட்கள் மட்டும் தடுத்தாலும் உடல் தாங்கிக்கொள்ளக்கூடிய புரதம் எது என்பதே இப்போதைய தேடலின் மையம். அதற்காகச் செல்லின் மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வைரஸைச் செலுத்தி, எந்தச் செல் பிழைக்கிறது என்று பார்க்கிறார்கள். மேலே சொன்ன பல புரதங்கள் அப்படித்தான் வெளிப்பட்டன. இம்முறையில் ஒரு நன்மை உண்டு. வைரஸ் தன் புரதத்தை மாற்றிக்கொண்டு மருந்துக்குத் தப்புவது எளிது, நம் மரபணுவை அதனால் மாற்ற முடியாது.

இரண்டாவது தடை காலம். காய்ச்சலோடு ஒருவர் மருத்துவமனைக்கு வரும்போது குமிழ்கள் உருவாகி, துகள்கள் வெளியேறி, தொற்று பல சுற்றுகளைக் கடந்திருக்கும். ஆகவே இன்று க்யாசனூர் காய்ச்சலுக்குத் தரப்படுவது உடலைத் தாங்கும் சிகிச்சைதான்: நீர்ச்சத்து குறையாமல் பார்த்தல், இரத்தப்போக்கைக் கவனித்தல், காய்ச்சலைத் தணித்தல். காட்டுக்குச் சென்றுவந்த ஒருவருக்குத் திடீர்க் காய்ச்சல் கண்டால், எங்கே சென்றார், அங்கே குரங்குகள் இறந்து கிடந்தனவா என்ற இரண்டையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எந்த வைரஸுக்கான சோதனை செய்வது என்பதை அந்தத் தகவலைக் கொண்டுதான் அவர் முடிவுசெய்வார்.